புருஷன் பேரில் வந்த தலைவலி

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் நோயாளிகளை எப்படிப் பதிந்தீர்கள் என்று போன வாரம் உங்களில் ஒரு பெண் கேட்டாள். பெரிய நோட்டு, மைக்கூடு, தொட்டு எழுதும் பேனா. அதில் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நோட்டில் நான் எழுதாமல் விட்ட ஒரு வார்த்தையைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்தேன். ஊசியிலோ மருந்திலோ என் கையால் பெரிய பிசகு நேர்ந்ததில்லை. நேர்ந்தது ஒன்றுதான், அதுவும் பேனாவால். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே நீங்கள் அதைக் கேட்டுவிடுவது நல்லது.

ஐம்பதுகளின் கடைசி. சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. டவுனுக்கு வெளியே அரிமளம் போகும் பக்கத்தில் ஒரு நூல் மில். அதற்கு எதிரே ஓட்டுக் கட்டடம் ஒன்றில் தொழிலாளர் இன்சூரன்ஸ் டிஸ்பென்சரி. சர்க்கார் நடத்தியது. ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், நான். ஆவூர்ப் பக்கத்து வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, குடும்பம் என்னுடையது. படிப்பு முடித்து வந்த முதல் வேலை அது. வயது இருபத்திரண்டு. என் அப்பா வயதுக்காரர்கள்கூட என்னை ‘நர்சம்மா’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த இடத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் செருகுகிறது. மத்தியானம் இரண்டு மணிக்குச் சங்கு ஊதி முதல் ஷிப்ட் விடுவார்கள். அதற்கு முந்தின அரை மணி நேரம் சாலையில் ஒரு காக்கை நடக்காது. மில் ஜன்னல்களிலிருந்து பஞ்சுத் துகள் மிதந்து வரும். காற்றே இல்லாத வெயிலில் அது கீழே விழவும் மாட்டாமல், மேலே போகவும் மாட்டாமல், எங்கள் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே இருக்கும். கம்பவுண்டர் மேஜையில் மிக்ஸ்சர் ஜாடிகள் சிவப்பாகவும் வெள்ளையாகவும் தேன் நிறத்திலும் இருக்கும். வெயில் அவற்றுக்குள் புகுந்து சிமெண்டுத் தரையில் நிறம் நிறமாக விழும். நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். என் அம்மா என்னைச் சொப்பனக்காரி என்று திட்டுவாள். சரியாகத்தான் திட்டினாள்.

அந்தச் சாலையில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் மூன்று வழி இருந்தது. மில் ஆபீசர்களுக்குக் கம்பெனியே ஒரு தனியார் டாக்டரை ஒப்பந்தம் பேசி வைத்திருந்தது. கறுப்புக் காரில் பங்களாவுக்கே வருவார். நாங்கள் அவருக்குப் பங்களா டாக்டர் என்று பேர் வைத்திருந்தோம். யார் யாருக்குப் பார்ப்பது என்று அவரிடம் ஒரு பட்டியல் உண்டு. ஆபீசர், அவர் மனைவி மக்கள், மாமியார் வரைக்கும் அதில் இருந்தார்கள். தொழிலாளிக்கு எங்கள் டிஸ்பென்சரி. அட்டை உண்டு, ஆனால் அந்த நாளில் அட்டை அவர் உடம்போடு சரி. பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கிடையாது. அவர்களுக்கு டவுனில் தர்மாஸ்பத்திரி இருந்தது. அங்கே அட்டையும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் போகலாம். போய்ச் சேருவதுதான் பாடு. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். சோறு கட்டிக்கொண்டு போய் வாசலில் உட்கார வேண்டும். துணைக்கு ஒரு பொம்பளை வேண்டும். புருஷன் ஒரு நாள் வேலையை விட வேண்டும். அப்படி இரண்டு தடவை விட்டால் மேஸ்திரி முகம் கொடுக்க மாட்டார்.

ஆகவே பெண்டாட்டி பிள்ளைகளின் நோயெல்லாம் புருஷன் வாய் வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தது.

வரிசையில் வருகிறவர்களிடம் என்ன செய்கிறது என்று கேட்டு நோட்டிலும் துண்டுச் சீட்டிலும் எழுதி டாக்டரிடம் அனுப்புவது என் வேலை. மீசையை முறுக்கிவிட்ட வாலிபர் ஒருவர், “எனக்குப் பல்லு மொளைக்குது நர்சம்மா, ஒரே அழுகை, பாலே குடிக்க மாட்டேங்குறேன்” என்பார். இன்னொருவர், “மாசாமாசம் அந்த மூணு நாளு வயித்துவலி தாங்க முடியல” என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பார். வரிசையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். நாளைக்கு அவர்களுக்கும் பல் முளைக்க வேண்டியிருக்கும். நானும் சிரிக்காமல் எழுதிக்கொள்வேன். எழுதி எழுதி எனக்கு அதில் ஒரு கைத்தேர்ச்சியே வந்துவிட்டது. பெண்ணின் நோயை ஆணின் நோயாக மாற்றி, மேலிடத்துக்காரர் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாதபடி எழுதுவேன்.

எங்கள் டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ரிட்டையர் ஆக இரண்டு வருஷம் இருந்தது. எப்போதும் வெற்றிலை. சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, எதிரே நிற்கிற ஆளைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி, “மருந்து சாப்பிடுற ஆளுக்கு வயசு என்ன?” என்பார். “மூணுங்க” என்று பதில் வரும். மூன்று வயதுக்கான அளவை எழுதுவார். கம்பவுண்டர் வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காகக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி, அவரவர் கொண்டுவந்த பாட்டிலில் ஒட்டிக் கொடுப்பார். பெரிய பெண்பிள்ளையின் நோய் என்று தெரிந்தால் டாக்டர் கடைசியாக இன்னொன்றும் கேட்பார்: “அந்த ஆளு முழுகாம இருக்கா?”

ஆமாம், கர்ப்பம்தான் என்றால், எழுதின சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார். “இதுக்கு எங்கிட்ட மருந்து கெடையாது. நாளைக்கே தர்மாஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போ.” சொல்வதோடு விடமாட்டார். எதிரே நிற்கிற புருஷனுக்கு வயிற்றுப்போக்கு என்று ஒரு நாள் லீவுக்குச் சர்ட்டிபிகேட் எழுதி நீட்டுவார். மீசைக்காரர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வாங்கிப் போவார்கள். இதைத் தினம் பார்த்தேன். கிழவருக்குக் குறும்பு ஜாஸ்தி, ஆம்பிளைகளை வெட்கப்பட வைத்து வேடிக்கை பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்த முழு டிஸ்பென்சரியிலும் மிகவும் அவசியமான கேள்வி அதுதான் என்பது எனக்குப் புரியவில்லை. அவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பாள் என்று நினைத்திருப்பார்.

அவர் மகளுக்குக் கல்யாணம் என்று இரண்டு வாரம் லீவில் போனார். அவர் இடத்துக்கு மெட்ராசிலிருந்து ஒரு ரிலீவிங் டாக்டர் வந்தார். படித்து முடித்த கையோடு வந்தவர், என்னைவிட நாலு வயது மூத்தவராக இருந்தால் அதிகம். நெஞ்சில் குழாயை வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நாக்கை நீட்டச் சொல்லுவார், இமையை இழுத்துப் பார்ப்பார். பெரிய டாக்டர் ஜன்னலைப் பார்த்து வைத்தியம் செய்தால், இவர் எதிரே நிற்கிற உடம்பைத் தவிர எதையும் பார்க்க மாட்டார். இங்கே நடக்கிற வழக்கத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. கம்பவுண்டர் எனக்கு ஜாடை காட்டினார்: சொன்னால் எல்லோர் அட்டையும் போய்விடும், பேசாமல் இரு. நானும் பேசாமல் இருந்தேன்.

அவர் வந்த மூன்றாம் நாள் மத்தியானம் கருப்பையா வந்தார். பஞ்சு சுத்தம் பண்ணும் பிரிவில் வேலை. மில்லிலிருந்து மூன்று மைலில் ஊர். போன வருஷம்தான் மணமேல்குடிப் பக்கத்திலிருந்து செல்லம் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதிகம் பேச மாட்டார். முடியெல்லாம் பஞ்சு ஒட்டி, அகாலமாய் நரைத்தவர் மாதிரி வந்து நின்றார்.

“என்னண்ணே செய்யுது?”

“தலைவலிம்மா. நாலு நாளா விட மாட்டேங்குது. கண்ணு மங்கலா இருக்கு. காலு ரெண்டும் கனமா, செருப்புக் கொள்ளல.”

“உங்களுக்கா?”

அவர் வேப்பமரத்தைப் பார்த்தார். “எனக்குத்தாம்மா.”

“வயசு?”

“பத்தொம்போது.”

அவருக்கு முப்பதுக்கு மேல். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அன்றைக்கு என் மனசு பாதி அங்கே இல்லை. ஆவூர்த் தேருக்கு நான் கேட்டிருந்த லீவு காலையில்தான் கிடைத்திருந்தது. தேர் வருகிற தெருவும், பொரி விற்கிற கூட்டமும், எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் வருவார்களா என்பதும் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. தரையில் சிவப்பு நிறம் விழுந்து நகர்ந்துகொண்டிருந்தது. ‘தலைவலி, கண் மங்கல், கால் கனம், நான்கு நாட்கள்’ என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். வயது என்ற இடத்தில் முப்பத்திரண்டு என்று போட்டேன். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதை ஒரு ஆணின் சீட்டில் எப்படி எழுதியிருப்பேன்?

உள்ளே டாக்டர் கருப்பையாவின் காலைத் தூக்கி ஸ்டூலில் வைக்கச் சொல்லி, கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை. வேலை செய்து முறுக்கேறின கால், கருங்காலிக் கட்டை மாதிரி இருந்தது. கண்ணைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார்.

“ஒண்ணுமில்லையே. நல்லாத்தானே இருக்கீங்க?” என்றார் டாக்டர். “வேலைக்குப் போகப் பிடிக்கலையா?”

கருப்பையா காலைக் கீழே இறக்கினார். தலைவலிக்கு ஒரு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். பாட்டிலைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல் மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார். ஜன்னல் வழியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஏழைக்கு நல்லது செய்துவிட்ட திருப்தி எனக்கு இருந்தது. இதை மறைக்காமல் உங்களிடம் சொல்கிறேன். மிகவும் திருப்தியாக இருந்தது.

மறுநாள் மத்தியானம். சங்கு இன்னும் ஊதவில்லை. சாலையில் செம்மண் புழுதி எழும்ப ஒரு சைக்கிள் வந்து வேப்பமரத்தில் மோதி விழுந்தது. அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த கருப்பையா ஓடி வந்தார். ராத்திரி ஷிப்ட் நோயாளிகள் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அவர் அவர்களைத் தாண்டி வரவில்லை. பழக்கதோஷம், வரிசையின் கடைசியில் போய் நின்றார். பிறகு அங்கிருந்தே கத்தினார்.

“நர்சம்மா, எனக்கு இழுப்பு வந்துருச்சும்மா!”

எல்லோரும் திரும்பினார்கள். திடகாத்திரமான மனுஷர் நின்றுகொண்டு அழுதார்.

“பல்லு கிட்டிக்கிருச்சு. நாக்கக் கடிச்சுக்கிட்டேன், வாயெல்லாம் ரத்தம். கூப்புட்டா முழிக்க மாட்டேங்குறேம்மா!”

அந்த வாக்கியத்தை நான் அறுபது வயதுக்கு மேலும் கனவில் கேட்டிருக்கிறேன். உயிர் போகிற அவசரத்திலும் அவர் ‘எனக்கு’ என்றுதான் சொன்னார். அப்படிச் சொன்னால்தான் இந்த வாசலில் மருந்து கிடைக்கும் என்று அவருக்குப் பழக்கிக் கொடுத்தவர்கள் நாங்கள். வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. என் வாயிலிருந்து அப்போதுதான், ஒரு நாள் பிந்தி, அந்தக் கேள்வி வந்தது.

“அண்ணே, உங்களுக்கு எத்தனை மாசம்?”

“எட்டும்மா” என்றார். “வர்ற மாசம் வளையல் போட்டு மணமேல்குடிக்கு அனுப்பணும்.”

எனக்கு அழுகை வரவில்லை. எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடப்பது போல் மெதுவாக, சத்தமில்லாமல் ஆகிவிட்டது. அந்த மெதுவான நேரத்தில் நான் யோசித்ததை எல்லாம் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் அப்படி ஒரு நேரம் வரும். முதலில் தோன்றியது பொய். சாலையில் போன ஒரு கர்ப்பிணி மயங்கி விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் சொல்லலாம். நேற்றைய சீட்டு தப்பும், என் வேலை தப்பும், கருப்பையாவின் அட்டையும் தப்பும். ஆனால் நாலு நாள் தலைவலியும் கண் மங்கலும் வீக்கமும் இருந்தது டாக்டருக்குத் தெரியாமல் போகும். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வருகிற வலிப்புக்கு அவைதான் முன்னடையாளம். தெரிந்தால்தான் எந்த ஊசியை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று அவர் முடிவு செய்ய முடியும். பொய் சொல்லி நான் பிழைக்கலாம், அவள் பிழைக்க மாட்டாள்.

உள்ளே போனேன். “டாக்டர், நேற்று வந்த தலைவலி இவருடையது இல்லை. இவர் மனைவியுடையது, எட்டு மாதம், இப்போது வலிப்பு வந்திருக்கிறது. தெரிந்தே சீட்டு எழுதினவள் நான்” என்றேன். காரணம் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கெல்லாம் அப்போது நேரமில்லை. அவசரத்தில் தப்பை ஒப்புக்கொள்ளும்போது சுருக்கமாக ஒப்புக்கொள்ளுங்கள். அழுது நீட்டினால் கேட்கிறவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

டாக்டரின் முகம் வெளுத்தது. தன் கட்டைவிரலைப் பார்த்தார். “நான் இவர் காலை அமுக்கிப் பார்த்தேனே...” என்றார். அவ்வளவுதான். பையில் மருந்தை அள்ளிப் போட்டார். அட்டை இல்லாதவர்களுக்குப் பார்க்கக்கூடாது, வேலை நேரத்தில் டிஸ்பென்சரியை விட்டுப் போகக்கூடாது என்று இரண்டு உத்தரவுகள் சுவரில் ஒட்டியிருந்தன. அவர் அவற்றைப் படித்தவர்தான். கம்பவுண்டரிடம், “கதவச் சாத்துங்க” என்றார்.

மூன்று மைல். அங்கிருந்து டவுனுக்கு இன்னும் ஆறு. மாட்டு வண்டிக்கு நேரம் பற்றாது, பஸ் சாயங்காலம்தான். எதிர்ச்சாரி பங்களா வாசலில் கறுப்புக் கார் நின்றது. ஆபீசர் வீட்டுப் பெண்ணுக்கு ஜலதோஷம் என்று பங்களா டாக்டர் வந்திருந்தார். நான் ஓடினேன். அவர் கைகழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“லிஸ்ட்ல இருக்காங்களா?” என்று கேட்டார்.

கெட்டவர் இல்லை. முகத்தில் வருத்தம் இருந்தது. “கம்பெனி எனக்கு எழுதிக் குடுத்தது இவங்க குடும்பங்கள மட்டும்தாம்மா. இன்னிக்கி ஒருத்தரப் பாத்தா நாளைக்கு மில்லு பூரா என் வாசல்ல நிக்கும். என் ஒப்பந்தமே போயிரும்.”

அவரோடு வாதாடியிருக்கலாம். தர்மம் நியாயம் பேசியிருக்கலாம். ஆனால் எனக்கு அவர் வேண்டியதில்லை என்பது அப்போது பளிச்சென்று தெரிந்தது. டாக்டர் என்னிடம் இருக்கிறார். “உங்களக் கூப்பிடல சார். காரை மட்டும் குடுங்க. லிஸ்ட்ல கார் இல்லையே?” என்றேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்தார். டிரைவரைக் கூப்பிட்டார். ‘முடியாது’ என்று சொல்கிறவரிடம் பெரிதாகக் கேட்டுத் தோற்காதீர்கள். அவரால் கொடுக்க முடிந்தது எது என்று பாருங்கள்.

அந்தக் கார்ப் பயணம் என் நினைவில் சத்தமே இல்லாமல் இருக்கிறது. செம்மண் பாதை, இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு, தண்ணீர் வற்றிய கண்மாய், அதன் நடுவில் அசையாமல் நிற்கிற எருமைகள். முன் சீட்டில் கருப்பையா. வாழ்க்கையில் முதல் தடவை காரில் ஏறியவர், உட்காரத் தெரியாமல் பாதி நின்றுகொண்டே வந்தார். கார் கதவில் பஞ்சு ஒட்டியிருந்தது. இதெல்லாம் நடக்கவில்லை, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து சொப்பனம் காண்கிறேன், இப்போது சங்கு ஊதும் என்று நினைத்துக்கொண்டே போனேன். ஊதவில்லை.

வீட்டில் செல்லம் பாயில் கிடந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் இழுப்பு நிற்கும் என்று அவள் கையில் இரும்புச் சாவியைத் திணித்து வைத்திருந்தார்கள். நேற்று எங்கள் ஸ்டூலில் நாங்கள் தேடிய வீக்கம் அவள் காலில் இருந்தது. முகத்திலும் கையிலும் இருந்தது. கண்ணாடி வளையல்கள் சதைக்குள் புதைந்திருந்தன. தலைமாட்டில் எங்கள் மருந்துப் பாட்டில், இரண்டு வேளை குறைந்து, நிமிர்ந்து நின்றது. டாக்டர் மண்டியிட்டு உட்கார்ந்து அவள் கணுக்காலை அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஊசி போட்டார். காரின் பின்சீட்டில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு டவுன் வரை வந்தேன். வழியில் ஒரு தடவை மறுபடி இழுத்தது.

தர்மாஸ்பத்திரி வாசலில் ஒரு வயதான நர்ஸ் ஓடி வந்தார். “பேரு என்ன? எத்தனை மாசம்?” என்றார். இந்த இரண்டைத்தான் கேட்டார். யார் பெண்டாட்டி, எந்த மில், என்ன அட்டை, எந்தப் பட்டியல், ஒன்றும் கேட்கவில்லை. தள்ளுவண்டி அவளை உள்ளே கொண்டு போனது. எனக்கு அங்கேதான் அழுகை வந்தது. அப்படி ஒரு வாசல் அவள் ஊரிலிருந்து ஆறு மைலில் இத்தனை நாளும் திறந்தே இருந்திருக்கிறது. நாங்கள் வாசலுக்குப் பதில் பாட்டிலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

செல்லம் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

பிறகு விசாரணை வந்தது. ரிலீவிங் டாக்டர் என் நோட்டை வாங்கி, நான் எழுதினதை அடிக்காமல், அதன் கீழே ‘இவை இவரது மனைவியின் அறிகுறிகள். நான் விசாரிக்கத் தவறினேன்’ என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கருப்பையாவின் அட்டையை விசாரித்தவர்கள் தொடவில்லை. எங்கள் இருவருக்கும் மெமோ. விசாரிக்க வந்த அதிகாரி எல்லாவற்றையும் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். ஜாடிகளைப் பார்த்தார். “எனக்கு ரெண்டு நாளா இருமல். கொஞ்சம் மருந்து கெடைக்குமா?” என்றார். “மருந்து சாப்பிடுற ஆளுக்கு எத்தனை வயசு சார்?” என்று கேட்டேன். அவர் மூடின பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, “அஞ்சு” என்றார். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் தருவேன் என்று சொல்லிவிட்டேன்.

லீவு முடிந்து வந்த பெரிய டாக்டர் நடந்ததைக் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். “ஒனக்கு நான் அந்தக் கேள்வியச் சொல்லித் தரல. சொல்லித் தர்ற தைரியம் எனக்கு இல்ல. சொன்னா நாம பண்றது வெளியில தெரிஞ்சுடும்னு இருந்துட்டேன்” என்றார். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். நல்ல மனசுள்ளவர்கள் சட்டத்தின் ஓட்டையை ரகசியமாக அடைக்கும்போது, அந்த ரகசியத்தைத் தெரியாத ஒருவர் நடுவில் வருவார். அதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. அன்று முதல் புருஷன் நோய் சொன்னால் மருந்து கிடையாது, லீவு சர்ட்டிபிகேட் மட்டும் உண்டு, பெண்டாட்டியை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போக. அதற்காக அவரைத் திட்டினவர்கள் உண்டு, என்னைத் திட்டினவர்களும் உண்டு.

சில வருஷங்கள் கழித்து அட்டையைக் குடும்பத்துக்கும் நீட்டினார்கள். பெண்கள் வந்தார்கள், ஆனால் வந்து நின்று புருஷனை முன்னால் தள்ளிவிட்டார்கள். “அவரு சொல்லுவாரு” என்றார்கள். அவர்களை வாய் திறக்க வைக்க எனக்கு இன்னும் சில வருஷங்கள் ஆயின. இன்றைக்கு உங்கள் கம்ப்யூட்டரில் குடும்பம் முழுவதும் போட்டோவோடு இருக்கிறது. தனியார் இன்சூரன்ஸ்காரர்கள் போனில் அப்ரூவல் வரட்டும் என்கிறார்கள். பட்டியல் பெரிதாகியிருக்கிறது, அது நல்லதுதான். பட்டியலில் பேர் இருப்பவர் வேறு, எதிரே நிற்பவர் வேறு, வலிக்கிறவர் வேறாக இருக்கலாம் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் சொல்ல வந்தது வேறு. செல்லத்துக்கு நினைவு தெளிந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், ஆவூர்த் தேருக்கு வாங்கின லீவில் தர்மாஸ்பத்திரிக்குப் போனேன். கருப்பையா வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். “நீங்க உள்ள போங்கம்மா” என்றார். தான் வரவில்லை.

நீளமான வார்டு. உயரமான ஜன்னல்களில் காலை வெயில். செல்லத்தின் முகம் வற்றி, சின்னப் பெண் முகம் வெளியே வந்திருந்தது. அன்றுதான் அவளை முதல் தடவை பார்ப்பது போல் இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சீட்டு எழுதினது நான், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டது நான் என்று சொன்னேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அவரு காலத்தான் அமுக்கிப் பாத்தாகளாமே?”

“ஆமா.”

“அவரு காலு நல்ல காலு” என்றாள். கோபமாகச் சொன்னாளா, பெருமையாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். “நர்சம்மா, என்ன புள்ள?”

எனக்குப் புரியவில்லை.

“யாரும் சொல்லல. எல்லாத்தயும் அவருகிட்டத்தான் சொல்லியிருக்காக. அவரக் கேட்டா இங்கிட்டு வந்து நிக்கிறாரு, அங்கிட்டுத் திரும்பிக்கிறாரு. என் வலியெல்லாம் கொண்டாந்து ஒங்ககிட்டச் சொன்ன மனுசன், இத எங்கிட்டச் சொல்ல மாட்டேங்குறாரு.”

உள்ளே வரும்போதே வார்டு நர்ஸ் எனக்குச் சொல்லியிருந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “பொம்பளப் புள்ள, செல்லம்.”

“அழுதுச்சா?”

“இல்ல. பொறக்கும்போதே உசுரு இல்ல. தல நெறைய முடி இருந்துச்சு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் பக்கவாட்டில் இறங்கித் தலையணையில் விழுந்தது. வெயில் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு நகர்கிற வரைக்கும் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தபோது என் விரலை விடவில்லை.

“எனக்குத் தல வலிக்குது நர்சம்மா” என்றாள்.

நான் மறுபடி உட்கார்ந்தேன். எந்தப் பக்கம் வலிக்கிறது, எப்போதிலிருந்து, கண் தெளிவாகத் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவளே சொன்னாள்.